சம்பந்தி இங்கேதான் இருப்பார்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் மாமனாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும், அவள் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் வாண்டும் அதே போல இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவைக் கையில் எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை முழுதாகப் பேசவிடுவதில்லையே. நான் வாயைத் திறந்தால் வரிசையாக நாலு "சரிம்மா" போட்டு நான் சொல்லவந்ததை நீயே முடித்துவிடுகிறாய். அதோடு உன் மாமனார் பக்கத்து அறையில் இருக்கும்போது அவரைப் பற்றியே நான் எப்படிப் பேசுவது? காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். போன ஞாயிறு நீ என்ன சொன்னாய்? "நல்ல முதியோர் இல்லமா பாத்து சேத்துடலாம்மா, உங்களுக்கும் வீட்டு ஓனரோட வம்பு இல்ல, அவருக்கும் அவர் இஷ்டப்படி சாப்பாடு கிடைக்கும்" என்றாய். பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். முடியாது. உன் மாமனார் இங்கேதான் இருப்பார். ஏன் என்று கேட்கிற உரிமை உனக்கு இருக்கிறது, அதனால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உனக்கு என்னிடமிருந்து பாதி, உன் பெண்டாட்டி அழுதுகொண்டே சொன்னது பாதி என்று துண்டு துண்டாகத்தான் தெரியும்.

அவர் தன் கறிக்கடையில் தரையைக் கழுவிவிட்ட ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதும், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்ததும் உனக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர், இவரைக் கூட்டிக்கொண்டு போகப் போவது யார் என்று கேட்டார். சம்பந்தியம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு இருப்பது ஒரே மகள், அவளும் உன்னோடு கடல் தாண்டி, விமானம் ஏறக்கூடாத வயிறோடு இருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "எங்க வீட்டுக்குத்தான், வேற எங்க?" என்று சொல்லிவிட்டார். பஸ் ஓட்டின காலத்தில் ஓடிவருகிற ஆளுக்காக வண்டியை நிறுத்துவாரே, அதே மாதிரி யோசிக்காமல் சொன்னார். அவர் ஆளைத்தான் நினைத்தார், ஆளோடு கூடவே ஒரு வயிறும் வரும் என்று நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை. உன் அறையை ஒழித்து, ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, எல்லாம் பொருத்தமாகச் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆரம்பத்தில் நான் என்ன போட்டாலும் வாயாரப் புகழ்ந்தார். "சம்பந்திம்மா, கீரை பிரமாதம்" என்பார், தட்டில் பாதிக் கீரை அப்படியே இருக்கும். "பருப்பு இன்னிக்கு ரொம்ப நல்லாருக்கு" என்பார், பருப்பைச் சாதத்துக்கு அடியில் ஒளித்துவைத்திருப்பார். சட்டைக் கழுத்து லொடலொட என்று ஆனது, கன்னம் உள்ளே போனது, தையல் போட்ட இடம் ஆறுகிற வழியாக இல்லை. பயறு, பால், கடலை, பனீர் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சமைத்துப் பார்த்தேன். சைவத்தில் சத்து இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், நீ கதவு நிலையில் தலை இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்தது அந்தச் சத்தில்தான். ஆனால் சத்து வாய்க்குள்ளே போனால்தானே வேலை செய்யும். நன்றாக இருக்கும்போது எதையும் சாப்பிடுகிற மனிதன் படுக்கையில் விழுந்தால் தன் வீட்டுச் சாப்பாட்டைத்தான் கேட்பான், இதை நான் வார்டில் தினம் பார்க்கிறேன். ஒருநாள் நானே மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "அண்ணா, முட்டையாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "இந்த வீட்டுல அந்தப் பேச்சே வேணாம் சம்பந்திம்மா, என்னைக் கூட்டிட்டு வந்து வச்சிருக்கறதே பெருசு" என்றார். அத்தோடு நானும் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் நடக்கப் போக ஆரம்பித்தார். காற்று வாங்கினால் பசி எடுக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் டியூட்டி முடிந்து வருகிறேன், மழை தூறிக்கொண்டிருந்தது, நம் தெருவுக்கு முந்தின பஸ் ஸ்டாப்பிலேயே இறங்கி மருந்துக்கடைக்குப் போகலாம் என்று இறங்கினால், நிழற்குடைக்குள் ஒருவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு ஒரு பொட்டலத்திலிருந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ பாவம், வீடு இல்லாதவர் என்று நினைத்தேன். பக்கத்தில் வாக்கரைப் பார்த்தேன். அது நான் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவந்த வாக்கர். என்னைப் பார்த்ததும் அவர் பொட்டலத்தை மடக்கித் தொடைக்குக் கீழே திணித்துக்கொண்டார். வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி முகம். எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் கறி வறுவல் வாங்கி, இங்கே உட்கார்ந்து தின்று, குழாயில் வாய் கொப்பளித்து, கிராம்பு மென்று, சட்டையிலிருந்து வாசனை போகும்வரை காற்றில் உட்கார்ந்துவிட்டுத்தான் தினமும் வீட்டுக்கு வருகிறார் என்பது பிறகு தெரிந்தது. இப்போதுதான் எலும்பு கூடின மனிதர், அந்த ரோட்டை வாக்கரோடு இரண்டு தரம் தாண்டியிருக்கிறார். ஆயுசு பூராவும் கடையில் நிமிர்ந்து நின்று தராசைப் பிடித்த மனிதர் திருடன் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது. நான் கேட்கும்போதெல்லாம் "அதெல்லாம் தொடறதில்லம்மா" என்கிறாயே, அதை நான் நம்புகிறேன் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும். மருமகள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, உன் முகமே போதும். இனிமேல் என்னிடம் அந்தப் பொய் வேண்டாம் கண்ணா, எனக்கு அது மரியாதை இல்லை.

அங்கே நின்று நான் அவரைக் கோபிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டு முடிங்கண்ணா, நான் இருக்கேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அப்படின்னா வீட்டுக்கு வாங்க, மீதியை மேஜையில உக்காந்து சாப்பிடலாம்" என்று சொல்லிப் பொட்டலத்தை நான் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இந்தக் கை தொடாதது எதுவும் இல்லை, ஆனாலும் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நம் வாசற்படி ஏறும்போது உடம்பை விட்டுத் தள்ளியே பிடித்துக்கொண்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும். அப்பா கதவைத் திறந்தவர் மூக்கைச் சுருக்கினார், என் கையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அவர் கோபம் என்றால் சத்தம் வராது, உனக்குத் தெரியும். சம்பந்தி சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் வாயைத் திறந்தார். "ஒரு தடவை உள்ள வந்தா வந்ததுதான். அப்புறம் இது நம்ம அடுப்படியா இருக்காது" என்றார். தினமும் ரத்தம் தொட்ட கையைக் கழுவிவிட்டு வந்துதான் உங்களுக்குச் சமைக்கிறேன், அது பரவாயில்லையா என்று நான் கேட்டேன். "அது வேலை" என்றார். "இதுவும் வேலைதான், எனக்கு மட்டும் ஆசையா?" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறேன், மனிதர் திரும்பி வரும்போது கையில் ஒரு சின்ன அடுப்பு, ஒரு சட்டி, இரண்டு கரண்டி, ஒரு தட்டு. எல்லாம் ரத்தச் சிவப்பு. "கலர் பாத்துத்தான் வாங்கினேன், நம்ம பாத்திரத்தோட மாறிடக் கூடாது" என்றார். பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் ஒரு பலகை அடித்து அந்த அடுப்பை வைத்தார். பாத்திரம் தேய்க்கிற நாருக்குக்கூடச் சிவப்பு நூல் கட்டிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்.

முட்டை சுலபமாக இருந்தது. கறிதான் என்னைப் படுத்தியது. சம்பந்தியின் கடையை இப்போது அவரிடம் வெகுகாலம் வேலை பார்த்தவர் நடத்துகிறார், அவரே சுத்தம் செய்து, துண்டு போட்டு, சுற்றுக்குமேல் சுற்றாகத் தாளில் கட்டிப் பின்வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். சம்பந்தி கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகச் செய்முறை சொல்ல நான் கிளறினேன். மசாலா எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் உப்பு? ருசி பார்க்காமல் உப்பு எப்படித் தெரியும்? கண்ணளவில் போட்டேன், சந்தேகமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் போட்டேன். அவர் தட்டைக் காலி செய்துவிட்டுச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார், மறுபடி ஒரு சொம்பு கேட்டார், அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி அடுப்புப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "கரண்டி உங்க கையில இருக்கட்டும், நாக்கு நான் தர்றேன்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு உட்கார்ந்தபடியே அவர் சமைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். சட்டைக் கழுத்து மறுபடி பொருந்திவிட்டது, புண் ஆறிவிட்டது, வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். எனக்கு அந்த வாசனை இன்னும் பழகவில்லை. பழகிவிடும் என்றும் உனக்கு எழுதமாட்டேன். அந்த அடுப்பு எரியும்போது வாயால்தான் மூச்சு விடுகிறேன், முதல் நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நான் சைவம், சாகும்வரை சைவம்தான். பிடிக்காத ஒன்றைச் செய்ய முடியும் என்பது மட்டும்தான் எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

அப்பா முதலில் எங்களுக்கு முன்பே தனியாகச் சாப்பிட்டு எழுந்துகொண்டிருந்தார். ஒருநாள் தானாகவே வந்து மேஜையில் உட்கார்ந்தார், நாற்காலியை மட்டும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அப்படித்தான், பார்க்கிறவர்களுக்கு வெளியே யாரையோ வேவு பார்க்கிற மாதிரி இருக்கும். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் பஸ், டிராபிக், அந்தக் காலத்து மழை என்று நிறுத்துவதே இல்லை. "தட்டைப் பாக்காம இருந்தா மனுஷன் நல்லா பேசறாரு" என்று அப்பா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

இப்படி ஒரு வழியாகச் சமாளித்துக்கொண்டிருந்தபோதுதான் மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அவரைப் பற்றி நீ போனில் கடுமையாகப் பேசினாய், அது தப்பு. நீ பள்ளிக்கூடம் போகும் வயதில் நமக்கு வீடு கொடுத்தவர், இத்தனை வருஷத்தில் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்றைக்கும் வாசலில் நின்றபடி, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "உங்களைக் குத்தம் சொல்லலை. நீங்க சைவம்னுதான் கொடுத்தேன். இப்ப வாசனை மாடிப்படி வழியா மேல வருது, என் வீட்டம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. அவருக்கு வேற எங்கயாவது ஏற்பாடு பண்ணிடுங்க" என்றார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். இதைத்தானே அவரும் ஆரம்பத்தில் சொன்னார், இப்போது என்னைப் பார்த்து, கேட்டாயா என்று ஒரு பார்வை பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. "நீங்க சொல்றது நியாயம் சார். உங்க வீடு, உங்க மூச்சு. நாங்க வேற வீடு பாத்துக்கறோம்" என்றார். வீட்டுக்காரர் பதறிப்போய், "உங்களை யாரு போகச் சொன்னா? அவரை மட்டும்தான் சொன்னேன்" என்றார். அதற்கு அப்பா, "அவரை மட்டும்னு எப்படிப் பிரிக்கறது சார்? பொறக்கப் போற புள்ளைக்கு நானும் தாத்தா, அவரும் தாத்தா. கொஞ்ச நாள் டைம் கொடுங்க, போதும்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் உன் அப்பாவை எனக்கு முழுசாகத் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் உன் மாமனார். நாங்கள் திரும்பிப் போவதற்குள் மகளுக்குப் போன் போட்டு, தான் நாளையிலிருந்து சைவம் என்று சொல்லிவிட்டு, ஒருவேளை அது போதாவிட்டால் என்று பையிலும் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவள் உன்னிடம் அழுதது, நீ எனக்குப் போன் செய்து இல்லம் என்று பேசினது. நான் அவர் பையிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி அலமாரியில் வைத்தேன். அவர் மறுபடி எடுத்துப் பையில் வைத்தார், நான் மறுபடி எடுத்தேன். கடைசியில் அவர், "என்னால நீங்க வீடு மாறணுமா சம்பந்திம்மா? நாக்குதானே, அடக்கிக்கறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களா மனசு மாறி சைவமானா நான் தடுக்கலை. எங்களுக்குப் பயந்து மாறாதீங்க. என் வீட்டுல ஒருத்தர் பயந்துகிட்டு சாப்பிடாம இருந்தா அதுக்குப் பேரு சைவம் இல்ல, பட்டினி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சம்பந்தி கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு அந்தக் காலிப் பையை மடித்து என் கையில் கொடுத்தார்.

வீடு தேடினது ஒரு பெரிய கூத்து. ஏறின படியெல்லாம் முதல் கேள்வி ஒன்றேதான், நீங்க சைவமா அசைவமா? சைவம் மட்டும் என்றவர்கள் சம்பந்தியைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். அசைவக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சாத்தினார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். "நாங்க மீன் வறுத்தா நீங்க மூக்கைப் பொத்துவீங்க, எங்களுக்கு எதுக்கு அந்தச் சங்கடம்" என்று ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை, வாயால் மூச்சு விடுகிறவள் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்னவோ. சம்பந்தி ஒவ்வொரு வாசலிலும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். அப்பா அடுத்த தெருவுக்கு நடந்தார். கடைசியில் ஒரு தையல்கடை, முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம், ஏறுவதற்குப் படி கிடையாது, காற்று நன்றாக வந்தது. தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே அதே கேள்வியைக் கேட்டாள். அப்பா, "ரெண்டும்மா" என்றார். மிஷின் நின்றது. "ரெண்டும்னா?" என்று கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். "நாங்க ரெண்டு பேரும் சைவம், எங்க சம்பந்தி அசைவம், மூணு பேரும் ஒரே வீடு" என்றார். அவள் எங்கள் மூன்று பேரையும் மேலிருந்து கீழே அளவெடுக்கிற மாதிரி பார்த்துவிட்டு, "எப்படிச் சமாளிக்கறீங்க?" என்றாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி தலையை நிமிர்த்தி, "சம்பந்தி ஜன்னலைப் பாத்து சாப்பிடுவார், சம்பந்திம்மா வாயால மூச்சு விடுவாங்க, நான் ஸ்டூல்ல உக்காந்து சமைப்பேன்" என்றார். எத்தனை நாள் கவனித்திருக்கிறார் பார். நான் சாமர்த்தியமாக மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். தையல்காரம்மா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தாள், சாவியைக் கொடுத்துவிட்டாள்.

ஆகவே இந்த வாரக் கடைசியில் வீடு மாறுகிறோம், விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பழைய வீட்டுக்காரர் சாமான் ஏற்ற வண்டி பிடித்துத் தருகிறேன் என்கிறார், அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. நீ வருத்தப்படாதே, மருமகளையும் படவிடாதே. தன்னால்தான் மாமியார் வீடு மாறுகிறாள் என்று அவள் ஒருநாளும் நினைக்கக்கூடாது, அதைச் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு. அவளுக்கு இப்போது எது சாப்பிடப் பிடிக்கிறதோ அதைச் செய்துகொடு, என் வீட்டுப் பழக்கத்தை அவள் தட்டில் திணிக்காதே. குழந்தை எதைச் சாப்பிடும் என்று இங்கே இரண்டு தாத்தாவுக்கும் இப்போதே வாக்குவாதம், இவர் முட்டை என்கிறார், அவர் பருப்புத் தண்ணி என்கிறார். இரண்டு பேரும் அதில் தலையிடக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன், அது உங்கள் இரண்டு பேர் கையில்.

மருமகள் கால் வீங்கினால் உட்காரும்போது தூக்கி வைத்துக்கொள்ளச் சொல், தலைவலியோடு கண் மங்கினால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, இதை மாமியாராகச் சொல்லவில்லை, நர்ஸாகச் சொல்கிறேன். நீ நேரத்துக்குத் தூங்கு. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், நீங்கள் மூவரும் வயிறும் மனசும் நிறைந்து நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று இங்கே மூன்று பேரும் சேர்ந்து ஆசி சொல்கிறோம்.

ஒன்று மறந்துவிடாதே. அந்த இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னாயே, நாளைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் அப்பா நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவதாக இருக்கிறார், சட்டைகூட இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

உன் முடிவை மாற்றச் சொல்லும்,
அம்மா